பாட்டிலுக்குள்ளே உயிர் வாழும் கறுப்பு பீர்!

ரஷ்ய ராணிக்குப் போன சரக்கு

லண்டன் மாநகரம். தேம்ஸ் நதியின் தென்கரையில் ஆங்கர் என்ற பீர் ஆலை இருந்தது. அந்த ஆலைச் சரக்குக்கு எங்கே கிராக்கி தெரியுமா? ரஷ்யப் பேரரசி காதரீன் அரண்மனையில்!

இது கட்டுக்கதை அல்ல. ஜோசப் பாரிங்டன் என்ற ஓவியர் 1796-ம் ஆண்டு தன் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். ராணிக்காகவே தனியாகக் காய்ச்சியது, 7 ஆண்டு வரை கெடாது என்று அவருக்குக் கொடுத்தவர் சொன்னாராம்.

அதுதான் இம்பீரியல் ஸ்டவுட். கன்னங்கரேல் என்று இருக்கும். முளைகட்டிய பார்லியைக் கருக வறுத்துச் சேர்ப்பதால் வந்த நிறம் அது.

உள்ளே நடப்பது என்ன?

சாதாரண பீரில் ஈஸ்ட்டை வடிகட்டி விட்டுத்தான் பாட்டிலை மூடுவார்கள். இதில் ஈஸ்ட் உயிரோடு உள்ளே போகிறது. மீதமுள்ள சர்க்கரையைத் தின்கிறது. இட்லி மாவு பொங்குகிறதே, அந்தச் சங்கதிதான்! நுரைக்கு வேண்டிய வாயு பாட்டிலுக்குள்ளேயே உண்டாகிறது. வருஷம் ஆக ஆகக் கசப்பு தணிந்து, உலர்ந்த திராட்சை வாசனை ஏறும்.

ருசிப்பது எப்படி?

ஐஸ் மாதிரி குளிர வைத்தால் போச்சு! ருசியே தெரியாது. முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைக்கணும். அடியில் மண்டி படியும். டம்ளரைச் சாய்த்து, ஒரே தடவையாக மெல்ல ஊற்றணும். மண்டி வரும்போது நிறுத்திடணும்.

முதலில் முகர வேண்டும். வறுத்த காப்பிக் கொட்டை மணக்கும். பிறகு ஒரே ஒரு வாய். சாக்லெட் கசப்பு நாக்கில் நிற்கும். ஜாக்கிரதை! பலம் 10 சதவீதம். சாதாரண பீரைப் போல 2 மடங்கு. மடக் மடக்கென்று குடித்தால் ஆளைக் கவிழ்த்து விடும்.

திறப்பதா, வேண்டாமா?

பிற்காலத்தில் இந்தச் சரக்கு கரேஜ் கம்பெனி கைக்கு வந்தது. 1993-க்குப் பிறகு காய்ச்சுவதை நிறுத்தி விட்டார்கள். பழைய பாட்டில் வைத்திருந்தவர்களுக்குத் தர்மசங்கடம். திறந்தால் ஒன்று குறையும். திறக்காமலே வைத்தால் ஒருநாள் உள்ளே ஈஸ்ட்டும் செத்து, ருசியும் போய்விடும். என்ன செய்வது?

18 ஆண்டு கழித்து, 2011-ல், பெட்போர்டு நகரில் மறுபடி காய்ச்சினார்கள். லேபிளில் வருஷத்தையும் அச்சடித்தார்கள்.

புதுசு வந்தாச்சு. பழசின் ருசி எப்போ வரும்? அதற்குப் பொறுமை வேணும். உள்ளே இருப்பவர் வேலையை முடிக்கணுமே!