கருகல் வாடை

லிந்துலையில் ஒரு தேயிலை ஸ்டோரில் 22 வருஷம் சல்லடைப் பக்கம் வேலை செய்தவள் நான். ஸ்டோரில் எங்களுக்குப் பெரிய பயம் தீதான். காய்ந்த தூளுக்கு ஒரு பொறி போதும். ஒருநாள் ட்ரையர் பக்கம் கருகல் வாடை வந்தது. ஓடிப்போய் டீமேக்கர் ஐயாவிடம் சொன்னேன். எங்கே என்றுகூட அவர் கேட்கவில்லை. முதலில் மெஷினை நிறுத்தினார். தட்டை இழுத்துப் பார்த்தால், ஓரத்தில் ஒரு கைப்பிடித் தூள் கனன்றுகொண்டிருந்தது.

2021 மே மாதம், கொரோனா பயணத்தடையில் லயத்தில் அடைந்து கிடந்தபோது, கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் எரிவதை டீவியில் பார்த்தேன். அந்த வாடைதான் ஞாபகம் வந்தது. நாலு மாதம்கூட ஓடாத புதுக்கப்பல். 1,486 கொள்கலன்கள், சரக்கில் 25 டன் நைத்திரிக் அமிலம். அமிலப் பெட்டி ஒன்று ஒழுகுவது தீப்பிடிப்பதற்குப் பல நாள் முன்பே தெரியும். கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசிராவிலும் இறக்கித் தரக் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் முடியாது என்றார்கள்.

நைத்திரிக் அமிலம் தானாக எரியாது. மரத்திலோ பஞ்சிலோ பட்டால் சூடேற்றிப் பற்றவைத்துவிடும்; எரிகிற தீயையும் ஊட்டி வளர்க்கும். அதிலிருந்து கிளம்பும் செம்பழுப்புப் புகையைச் சுவாசித்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரலாம். எந்தச் சரக்கை எதன் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று சர்வதேச விதி உண்டு. ஒழுகின பெட்டியை ஏற்கத்தான் ஆளில்லை.

மே 25இல் கப்பல் வெடித்தது, மாலுமிகளைக் காப்பாற்றினார்கள். ஜூனில் கப்பல் மூழ்கியது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன.

அடுத்த வருஷம் நீர்கொழும்பில் மகன் வீட்டுக்குப் போனேன். கடற்கரையில் பெண்கள் மண் சலித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினாள். சவ்வரிசி போல வெள்ளை மணிகள். நடுவே கருகி ஒட்டிய கட்டிகள். வெள்ளை மணியைவிடக் கருகியதில்தான் ரசாயனங்கள் அதிகம் என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். தேயிலையில் தூள் வேறு, குச்சி வேறு என்று சல்லடை பிரித்துவிடும். சிப்பித் துண்டும் மணியும் ஒரே அளவாக இருந்தால் அது என்ன செய்யும்?

2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. அது நியாயம். ஆனால் மண்ணில் கலந்ததைப் பணம் சலித்தெடுக்காது.

எங்கள் தேயிலையும் கொழும்பில்தான் கப்பலேறுகிறது. துறைமுகங்களை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கருகல் வாடை என்று ஒருவர் ஓடிவந்தால், முதலில் மெஷினை நிறுத்துங்கள். எங்கே, யாரால் என்பதை அப்புறம் கேட்கலாம்.