ஒன்பதை ஐந்தாக்கும் சிறு பொதி

'திருத்தணி' என்ற பெயரில் எத்தனை எழுத்துகள்? தி, ரு, த், த, ணி என்று விரல்விட்டு எண்ணி, ஐந்து என்று சொல்லிவிடுவீர்கள். கம்ப்யூட்டரைக் கேட்டால் ஒன்பது என்கிறது! கணக்கில் புலியான கம்ப்யூட்டர் இங்கே மட்டும் ஏன் தடுமாற வேண்டும்?

காரணம் எளியது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு யூனிகோடு என்று பெயர். அதில் தமிழ் எழுத்துகளுக்கான தொகுதியில் இருப்பவை 128 இடங்களே. நம்முடைய 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடையாது. 'தி' என்பதைக் கம்ப்யூட்டர் 'த' என்றும், இகரக் குறி என்றும் இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. 'த்' என்பது 'த'வும் புள்ளியும். ஆகவே 2+2+2+1+2 = 9.

திருத்தணி ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் அங்கே பழகிய மொழிகள். ஊர்ப் பெயரைத் தெலுங்கில் எழுதினாலும் கம்ப்யூட்டரின் விடை ஒன்பதுதான். ஆனால் தெலுங்கில் 'த்த' என்பது ஒரே கூட்டெழுத்து. எனவே நம் கண்ணுக்குத் தெரிபவை நான்கே! ஒவ்வொரு மொழிக்கும் தனி விதி தேவை என்பது இதிலிருந்து விளங்குகிறது அல்லவா?

எண்ணுவதோடு சிக்கல் முடிவதில்லை. 'தணி' என்பதைத் திருப்பிப் போடச் சொன்னால் 'ணித' என்று வர வேண்டும். விதி தெரியாத கம்ப்யூட்டரோ இகரக் குறியை முதலில் தனியாக நிறுத்திவிட்டு, பிறகு 'ண', 'த' என்று எழுதும். சொல் விளையாட்டு, அகராதி, எழுத்துப் பிழை திருத்தி எதைச் செய்ய முனைந்தாலும் இந்தத் தடை குறுக்கே வரும்.

ஒருவர் எழுதினால் போதும்

இதற்கான விதியை ஒவ்வொருவரும் புதிதாக எழுத வேண்டுமா? வேண்டாம். அடிக்கடி தேவைப்படும் நிரல் வரிகளை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதை 'நிரல் நூலகம்' என்கிறார்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல், வேண்டிய பகுதியை எடுத்து நம் புரோகிராமில் பயன்படுத்தலாம்.

தமிழுக்கு அப்படி ஒரு நூலகம் 'ஓப்பன்-தமிழ்'. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்பட்டது. 'எழில்' என்ற தமிழ் நிரலாக்க மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கி வைக்க, தன்னார்வலர்கள் பலர் கைகொடுத்தார்கள். 'திருத்தணி'யை இதனிடம் கொடுத்தால் ஐந்து எழுத்துகளையும் சரியாகப் பிரித்துத் தருகிறது. இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம்.

மூட்டை கட்டும் கலை

நிரலை எழுதிவிட்டால் வேலை முடிந்ததா? விளைந்த நெல் வயலிலேயே கிடந்தால் யாருக்குப் பயன்? மூட்டை கட்டிச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். நிரலையும் அப்படிக் கட்டி அனுப்புகிறார்கள். அதற்குப் 'பொதி' என்று பெயர். திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள் என்பார்கள். பொதி ஏற வேண்டிய படிகள் சிலவே. ஆனால் ஒன்றையும் தாண்டிக் குதிக்க முடியாது.

முதலில் பெயரும் பதிப்பு எண்ணும் இட வேண்டும். எந்தப் பதிப்பில் பிழை, எந்தப் பதிப்பில் திருத்தம் என்று அறிய அது உதவும். அடுத்து, இந்த நூலகம் இயங்க வேறு எவை தேவை என்ற பட்டியல். மூன்றாவது, உரிமம். ஓப்பன்-தமிழ் எம்.ஐ.டி. உரிமத்தில் வெளிவருகிறது. உரிமைக் குறிப்பை நீக்காமல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்கும் தரலாம் என்பது அதன் சாரம். நான்காவது, சோதனை. தெரிந்த கேள்விகளைக் கொடுத்து, விடை சரியாக வருகிறதா என்று பார்ப்பது. கடைசியில், எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருக்கி, 2003 முதல் இயங்கிவரும் பைத்தான் பொதிக் களஞ்சியத்தில் ஏற்றுவது. அதன்பின் உலகில் யாரும் ஒரே ஒரு கட்டளையில் இதைப் பெற்றுக்கொள்ளலாம்.

பொதிக்கு ஒரு முத்திரையும் உண்டு. உள்ளே இருப்பதையெல்லாம் கணக்கிட்டு 64 குறிகள் கொண்ட ஓர் அடையாளம் உண்டாக்குகிறார்கள். வழியில் ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் முற்றிலும் வேறாகிவிடும்.

நம்பிக்கையின் விலை

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? இரண்டு நிகழ்ச்சிகளைப் பாருங்கள்.

2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பொதியை எழுதியவர், அதைக் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். அதில் இருந்தவை 11 வரிகள்தாம். அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள்களை உருவாக்கும் வேலை உலகெங்கும் தடைப்பட்டது.

2024 மார்ச்சில் வெளிப்பட்டது இன்னும் பெரிய ஆபத்து. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்.இஸட்' என்ற நூலகத்தை ஒரே தன்னார்வலர் பல ஆண்டுகள் பராமரித்து வந்தார். அவர் களைத்திருந்த வேளையில், உதவுவதுபோல் ஒருவர் வந்து சேர்ந்தார். ஈராண்டுக்கு மேல் நல்லவராக உழைத்து நம்பிக்கை பெற்றபின், கம்ப்யூட்டர்களுக்குள் நுழையக் கள்ளவழி ஒன்றை வைத்தார். அதை முடுக்கிவிடும் வரிகள் எல்லாரும் பார்க்கும் மூல நிரலில் இல்லை. கட்டிய பொதியில் மட்டுமே இருந்தன! ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், விடாமல் துருவிக் கண்டுபிடித்தார்.

முத்திரை இங்கே உதவியிருக்காது. முத்திரை இட்டவரே கள்ளர் அல்லவா? இதற்கு மருந்து, பலர் கூடிச் செய்வதே. 1993-இல் தொடங்கிய டெபியன் என்ற தன்னார்வத் திட்டத்தில் ஒரு முறையைக் கையாளுகிறார்கள். ஒரே மூல நிரலிலிருந்து இருவர் தனித்தனியே பொதி கட்டுகிறார்கள். இரண்டும் அணுவளவும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் உடனே ஆராய்கிறார்கள்.

ஆகவே, சிறிய பொதியையும் ஒருவர் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது. ஒருவர் எழுத, மற்றொருவர் சோதிக்க, மூன்றாமவர் விளக்கக் குறிப்பு எழுத, எல்லார் வேலையையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்குப் பட்டம் வேண்டியதில்லை. பொறுமையும் கூர்ந்த கண்ணும் போதும்.

உங்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதி, உங்கள் கணக்கில் எத்தனை எழுத்துகள், கம்ப்யூட்டர் கணக்கில் எத்தனை என்று பாருங்கள். 'ஸ்ரீ', 'க்ஷ' வரும் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். நூலகம் தரும் விடை தவறாக இருந்தால் அதை எழுதியவர்களுக்குத் தெரிவியுங்கள். அந்த வேலையில் நீங்கள் ஏறும் முதல் படி அதுவே.