கொடுக்கும் கைக்கும் ஒரு காவல்

1954-ம் வருஷம், டிசம்பர் மாதம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ரிச்சர்ட் ஹெரிக் என்ற 23 வயது வாலிபர் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிக் கிடந்தார். அவருடன் பிறந்த இரட்டையரான ரொனால்ட், தம்முடையதில் ஒன்றைத் தர முன்வந்தார்.

டாக்டர்கள் உடனே கத்தியை எடுத்துவிடவில்லை. ஒருவர் தோலை மற்றவர் உடம்பில் ஒட்டிப் பார்த்தார்கள்; ஒட்டிக்கொண்டது. போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய்க் கைரேகைகூட எடுத்தார்கள்! இருவரும் ஒரே கருவில் உதித்தவர்கள் என்பது உறுதியாயிற்று.

ஆனால் நோயே இல்லாத ஒருவரை அறுப்பது தர்மமா? பாதிரிமார்களையும் வக்கீல்களையும் கலந்து ஆலோசித்த பிறகே, 23-ந் தேதி ஆபரேஷன் நடந்தது. ரிச்சர்ட் பிழைத்தார், தமக்குப் பணிவிடை செய்த நர்ஸையே மணந்து, இரு பெண்களுக்குத் தகப்பனாகி, 1963 வரை வாழ்ந்தார். கொடுத்த ரொனால்ட் 79 வயது வரை இருந்து 2010-ல் காலமானார். ஆபரேஷன் செய்த டாக்டர் ஜோசப் மர்ரேக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று மருந்துகளின் உதவியால் தாயும் மனைவியும்கூடத் தரலாம். அதற்குமுன் எத்தனை பரீட்சைகள்! ரத்தப் பிரிவு பார்த்து, இருவர் ரத்தத்தையும் சேர்த்துச் சோதிக்கிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், இருதயம் எல்லாம் பார்க்கிறார்கள். ஸ்கேன் எடுத்து, இரண்டு சிறுநீரகங்களில் எது மேலானதோ அதைக் கொடுப்பவருக்கே விட்டுவைக்கிறார்கள். இனிமேல் குழந்தை பெறும் உத்தேசமுள்ள பெண் அதையும் சொல்லவேண்டும். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏற அவளுக்குச் சற்று அதிகமாக இடமுண்டு.

நம் நாட்டில் உயிருடன் இருந்து சிறுநீரகம் தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். "நீதானே கொடுக்கவேண்டும்" என்று வீட்டார் பார்க்கும் பார்வையே போதும், மனம் ஒப்பாதவளும் தலையாட்டிவிடுவாள். ஆகையால்தான், கொடுப்பவரைத் தனியே அழைத்து, மனப்பூர்வமான சம்மதமா என்று கேட்க வேண்டும் என்பது வைத்திய முறை. "இல்லை" என்று சொல்ல அவளுக்குப் பூரண உரிமை உண்டு. காரணத்தை டாக்டர் யாரிடமும் வெளியிடமாட்டார்.

சகோதரிகளே, பரீட்சையில் "தகுதி இல்லை" என்று வந்தால் அழவேண்டாம். உங்கள் அன்பில் குறை ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு நோயாளிகள் உண்டாகாமல் தடுத்ததும் அந்தப் பரீட்சைதான் அல்லவா?