டிம்மர் எடுக்கும் மின்சாரம்: அன்றும் இன்றும்

ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திர வீதிகளில் உள்ள பழைய வீடுகள் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீண்டுகொண்டே போகும். ரேழிக்குப் பகலிலும் விளக்கு வேண்டும். அன்று அங்கே எரிந்தது 60 வாட் குண்டு பல்பு. கூடத்தில் ட்யூப் லைட். இரவுக்கு ஜீரோ வாட்ஸ் பல்பு.

விளக்கோடு சேர்ந்த துணைச் சாமான்களும் அன்று மின்சாரம் தின்றன. 40 வாட் ட்யூப் லைட்டின் சோக்கு தன் பங்குக்கு 12 முதல் 15 வாட் எடுக்கும். சுவரில் பெட்டிபோல இருந்த ஃபேன் ரெகுலேட்டர், காற்றைக் குறைத்தால் தான் சூடாகும். ஜீரோ வாட்ஸ் பல்பு உண்மையில் எடுத்தது சுமார் 15 வாட். தினமும் பத்து மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்துக்கு 9 யூனிட்.

டிம்மர் அன்று சில வீடுகளில்தான் இருந்தது. 60 வாட் பல்பு தினம் நான்கு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 14.4 யூனிட். டிம்மரைத் திருகி வெளிச்சத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் பாதியாகிவிடாது. இழையின் சூடு தணியத் தணிய அதன் ஒளித்திறனும் விழுந்துவிடும். ஏறக்குறைய 70 சதவீதம் செலவாகிக்கொண்டேதான் இருக்கும். அப்படியும் 4 யூனிட் மிஞ்சும். டிம்மர் தனக்கென்று எடுத்தது அந்த மிச்சத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கிய பிறகு எல்.இ.டி. பல்பின் விலை சரிந்தது. இன்று தில்லை நகர் அடுக்ககத்திலும் திருவானைக்காவல் ஓட்டு வீட்டிலும் எரிவது 9 வாட் பல்புதான். பழைய 60 வாட்டின் வெளிச்சத்துக்கு அது குறைந்ததல்ல. அதே நான்கு மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 2.16 யூனிட்தான் ஆகிறது.

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. கைபேசியிலும் ரிமோட்டிலும் இயங்கும் புதிய டிம்மர், விளக்கு அணைந்திருக்கும்போதும் கட்டளைக்காக விழித்திருக்கிறது. அதற்கு ஒரு வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் 1.44 யூனிட். பல்பை எப்போதும் பாதி வெளிச்சத்திலேயே வைத்தாலும் மிச்சம் 1.08 யூனிட்டைத் தாண்டாது. சேமிக்க வாங்கிய சாமான் சேமிப்பைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறது. இப்படிக் காத்திருக்கும் கருவிகளின் செலவை ஒரு வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-லேயே சொன்னது. 9 வாட் பல்புக்கு அந்த ஒரு வாட்டே பெரிது.

திருகி அணைக்கும்போது 'டக்' என்று இணைப்பைத் துண்டிக்கும் பழைய மாதிரி டிம்மரில் இந்த நஷ்டம் இல்லை. ஆனால் அது பெரிய சுமைக்காகச் செய்யப்பட்டது. 40, 60 வாட்டாவது இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும் டிம்மர்கள் பல. 5 வாட் எல்.இ.டி.யை மாட்டினால் விளக்கு துடிக்கும், சில நேரம் எரியவே எரியாது. சாதாரண எல்.இ.டி. பல்புகள் டிம்மருக்கு ஏற்றவையும் அல்ல. 'டிம்மபிள்' என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரில் பல்பை இணைப்பதோ கூடவே கூடாது.

எல்.இ.டி. காலத்தில் டிம்மர் கண்ணுக்கு இதம் தரும் சாமான். கரண்ட் பில்லைக் குறைக்கும் சாமான் அல்ல. இதம் வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள், எல்.இ.டி.க்கு ஏற்றதா, குறைந்தபட்சச் சுமை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். சிக்கனம்தான் நோக்கம் என்றால், படிக்க 9 வாட்டுக்கு ஒரு சுவிட்சு, இரவுக்கு அரை வாட் எல்.இ.டி.க்கு இன்னொரு சுவிட்சு போதும். அந்த அரை வாட் விளக்கு இரவு முழுக்க எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 0.3 யூனிட்தான்.