கல்லாப்பெட்டியை வங்கியாக்கிய நைஜீரிய இளைஞர்

வாடிக்கையாளர் இரண்டு மூட்டை அரிசியும் ஒரு டின் எண்ணெயும் எடுத்து வைத்துவிட்டு, "பணம் அனுப்பிவிட்டேன், பாருங்கள்" என்று செல்போனை நீட்டுகிறார். அவர் கணக்கில் பற்று ஆகிவிட்டது. கடைக்காரர் கணக்கில் வரவு ஆகவில்லை. சரக்கை வெளியே விடுவதா, நிறுத்தி வைப்பதா? விட்டால் முதல் போகலாம். நிறுத்தினால் வாடிக்கை போகும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியாவில் சிறு வணிகர்கள் ஆண்டுக்கணக்காக இந்தச் சங்கடத்தில் நின்றவர்கள். பணம் வந்ததும் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திக்கு அங்கே 'அலர்ட்' என்று பெயர். அலர்ட் வரும் வரை வாங்கியவர் கடை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். போலி அலர்ட் அனுப்பிச் சரக்கைத் தூக்கிக்கொண்டு போகிற கூட்டமும் அங்கே தாராளமாக உண்டு.

கடை வாசலின் இந்தக் காத்திருப்பைத் தீர்ப்பதையே தன் தொழிலாக்கிக் கொண்டவர் டோசின் எனியோலோருண்டா. அவர் தொடங்கிய மனிபாயின்ட் நிறுவனத்தின் மதிப்பு 2024 அக்டோபரில் 100 கோடி டாலரைத் தாண்டியது. முதலீட்டாளர் வட்டாரம் அதைத்தான் பெரிதாகப் பேசியது. நமக்கு வேண்டிய சேதி வேறு. இவ்வளவு பெரிய நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் மளிகைக் கடைக்காரர்களும், மருந்துக் கடைக்காரர்களும், சாலையோரம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் முகவர்களும்தான்.

எனியோலோருண்டா, இலே-இஃபே நகரில் உள்ள ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். படிப்பு முடிந்து லாகோஸ் நகரில் இன்டர்ஸ்விட்ச் நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளராகச் சேர்ந்தார். இன்டர்ஸ்விட்ச் 2002-ல் மிட்செல் எலெக்பே என்பவர் தொடங்கியது. ஒரு வங்கியின் அட்டையை வேறொரு வங்கியின் இயந்திரத்தில் செருகினால், இரு வங்கிகளுக்கும் நடுவில் நின்று கணக்கைக் கைமாற்றி விடுவது அதன் வேலை. நம் பாஷையில் சொன்னால், வங்கிகளுக்கு நடுவே ஒரு கமிஷன் மண்டி. பணம் எங்கே கிளம்புகிறது, எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறது, ஏன் திரும்பி வருகிறது என்பதையெல்லாம் அங்கேதான் அவர் உள்ளிருந்து பார்த்தார். தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிறர் கடையில் சில ஆண்டு தராசு பிடித்துப் பழகியவர் சொந்தக் கடை போடுவதைப் போலத்தான் இதுவும்.

2015-ல் வேலையை விட்டு வெளியே வந்தார். பெலிக்ஸ் ஐக் என்பவரை இணை நிறுவனராகக் கொண்டு அவர் நடத்திய அந்நிறுவனத்துக்கு அப்போது டீம்ஆப்ட் என்று பெயர். முதல் நான்கு ஆண்டுகள் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் கடைக்காரர்கள் அல்ல, வங்கிகள். பண வரவு செலவைக் கண்காணிக்கவும் கணக்கை ஒத்துப் பார்க்கவும் வங்கிகளுக்கு மென்பொருள் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில்தான் நிறுவனம் ஓடியது. 2019-ல் முதன்முறையாகப் பெரிய அளவில் 55 லட்சம் டாலர் வெளி முதலீடு வந்தபோது, 26 வங்கிகள் தங்களிடம் வாடிக்கை என்றும், மாதம் 16 கோடி டாலர் அளவுக்குப் பணம் தங்கள் மென்பொருள் வழியே போகிறது என்றும் நிறுவனம் அறிவித்தது. கையில் ஆர்டர் இருக்கிறது, வரும்படி இருக்கிறது. பலர் அத்தோடு நிறைவடைந்திருப்பார்கள்.

அந்த ஆண்டில் அவர் போட்ட திட்டம் பொதுமக்களுக்கு நேரடியாக ஒரு செல்போன் செயலி தருவது. ஆனால் நிறுவனத்தை உயர்த்தியது செயலி அல்ல. அதே 2019-ல் தொடங்கிய முகவர் தொழில்தான் அதை மேலே கொண்டுபோனது. அதற்கு வைத்த பெயர் மனிபாயின்ட். பின்னாளில், 2023 ஜனவரியில், நிறுவனமே தன் பழைய பெயரை விட்டு இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

கடையே வங்கி

இந்த முகவர் தொழில் எப்படி நடக்கிறது என்பதை வணிகர்கள் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. நைஜீரியாவின் மக்கள்தொகை 20 கோடிக்கும் அதிகம். 2020-ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 100-க்கு 36 பேருக்கு வங்கி முதலிய எந்த நிதிச் சேவையும் எட்டவில்லை என்று தெரிந்தது. கிராமத்தில் வங்கிக் கிளை இல்லை. நகரத்தில் கிளை இருந்தால் வரிசை இருக்கும், ஏ.டி.எம். இருந்தால் பணம் இருக்காது.

ஆனால் ஒவ்வொரு தெருவிலும் ஒரு கடை உண்டு, அந்தக் கடையின் கல்லாவில் ரொக்கம் உண்டு. கடைக்காரரிடம் ஒரு பி.ஓ.எஸ். மெஷின் கொடுக்கப்படுகிறது. ரொக்கம் வேண்டுபவர் தன் அட்டையை அதில் செருகுகிறார். அவர் கணக்கில் பற்று, கடைக்காரர் கணக்கில் வரவு. கடைக்காரர் அந்தத் தொகையைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்து, ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொள்கிறார். பணம் போட வருபவருக்கு இதையே திருப்பிச் செய்கிறார்.

இதில் கடைக்காரருக்கு இரட்டை லாபம். கட்டணம் கைக்கு வருவது ஒன்று. அன்றைய விற்பனைப் பணத்தை மூட்டை கட்டிக்கொண்டு, வழிப்பறிக்குப் பயந்து பயந்து வங்கிக்குப் போகும் வேலை குறைவது மற்றொன்று. கல்லாவில் உள்ள நோட்டு, கடையைவிட்டு நகராமலேயே வங்கிக் கணக்கில் ஏறிவிடுகிறது. மொத்த வியாபாரிக்கு மறுநாள் கட்ட வேண்டிய பணத்தை அங்கிருந்தே அனுப்பிவிடலாம். அட்டையில் நடந்த விற்பனைப் பணம் மறுநாள்தான் கணக்கில் ஏறும் என்ற பழைய வழக்கத்துக்கு மாறாக, மனிபாயின்ட் உடனுக்குடன் வரவு வைத்தது. சுழல் முதலில் கடை நடத்துபவருக்கு அந்த ஒரு நாளின் விலை தெரியும்.

நைஜீரியச் சந்தைகளில் 'அஜோ' என்ற பழைய வழக்கம் ஒன்று உண்டு. 'அலாஜோ' என்று அழைக்கப்படும் வசூல்காரர் தினமும் கடை கடையாக வந்து சிறு தொகை வாங்கிப் போவார். மாதக் கடைசியில் மொத்தத்தையும் திருப்பித் தந்து, ஒரு நாள் தவணையைத் தன் கூலியாக எடுத்துக்கொள்வார். வங்கிக் கட்டடத்தைவிட, நாள்தோறும் கடைக்கு வருகிற மனிதரையே சந்தைப் பெண்கள் அதிகம் நம்பினார்கள். மனிபாயின்ட் தன் ஆட்களை வட்டாரவாரியாகக் கடைகளுக்கு அனுப்பியது. மெஷின் பழுதானால் தொலைபேசியில் மன்றாடாமல், தெரிந்த முகத்திடம் முறையிடலாம். இந்த நிறுவனத்தின் வெற்றியில் மென்பொருளுக்கு உள்ள பங்கு இதற்கும் உண்டு என்பது நம் கருத்து.

நோட்டு காணாமல் போன நாட்கள்

2022 அக்டோபர் 26 அன்று நைஜீரிய மத்திய வங்கியின் அப்போதைய ஆளுநர் காட்வின் எமிஃபியேலே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 200, 500, 1000 நைரா நோட்டுகள் புது வடிவில் வரும். பழைய நோட்டுகள் 2023 ஜனவரி 31-க்குப் பிறகு செல்லாது. பின்னர் இந்தக் கெடு பிப்ரவரி 10 வரை நீட்டிக்கப்பட்டது. பழைய நோட்டை மக்கள் கட்டினார்கள். புது நோட்டுதான் வரவில்லை. 3 லட்சம் கோடி நைராவுக்கு மேல் இருந்த நோட்டுப் புழக்கம் ஏறத்தாழ 1 லட்சம் கோடிக்கு இறங்கியது.

அந்த வாரங்களில் சந்தை எப்படி இருந்திருக்கும் என்று வணிகருக்கு விளக்கத் தேவையில்லை. அழுகும் சரக்கு வைத்திருந்த தக்காளி, மிளகாய் வியாபாரிகள் முதலில் அடி வாங்கினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் செல்போன் வழியே பணம் அனுப்ப முயன்றதில் பெரிய பெரிய வங்கிகளின் கணினிகளே திணறின. அனுப்பியவர் கணக்கில் கழிந்த பணம் பெறுபவருக்குப் போய்ச் சேராமல் நாட்கணக்கில் நடுவழியில் நின்றது. சில முகவர்கள் 100 நைரா ரொக்கத்துக்கு 20, 30 நைரா வரை கட்டணம் பிடித்தார்கள். முகவர்களும் பெட்ரோல் பங்குகளிலும் சந்தையிலும் காசு கொடுத்துத்தான் நோட்டு வாங்கினார்கள் என்பது உண்மை. ஆனாலும் மருந்துக்குப் பணம் கேட்டு வந்தவரிடம் மூன்றில் ஒரு பங்கு பிடிப்பதை வியாபாரம் என்று சொல்ல நமக்கு நா வரவில்லை.

இந்தக் குழப்பத்தில்தான் மனிபாயின்ட் பெயர் நாடெங்கும் பரவியது. பணப் பரிமாற்றத்துக்கான உரிமமும், 2022-ல் சிறு நிதி வங்கிக்கான உரிமமும் அந்நிறுவனம் முன்பே வாங்கி வைத்திருந்தது. மற்ற இடங்களில் சிக்கிய பணம் இங்கே ஒப்பீட்டளவில் தடையின்றிப் போனது. "எந்த வங்கியிலிருந்து அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சரக்கு கொடுக்கும் பழக்கம் கடைகளில் வந்தது. 2023 மார்ச் 3 அன்று பழைய நோட்டுகள் ஆண்டு இறுதி வரை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோட்டு மெல்லத் திரும்பியது. கடைகளுக்கு வந்த மெஷின்கள் திரும்பிப் போகவில்லை.

2024 அக்டோபரில் 11 கோடி டாலர் புது முதலீடு வந்தது. அதில் கூகுள் நிறுவனத்தின் ஆப்பிரிக்க முதலீட்டு நிதியும் பங்கேற்றது. மாதம் 80 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள், 1,700 கோடி டாலருக்கு மேல் மதிப்பு என்பது அப்போது நிறுவனம் சொன்ன கணக்கு. கடன் கொடுப்பதிலும் இறங்கினார்கள். மெஷினில் தினமும் ஏறும் விற்பனையே கடைக்காரரின் வரவுச் சான்று. அதைப் பார்த்துச் சரக்கு வாங்கக் கடன் தருகிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024 ஏப்ரலில் மனிபாயின்ட் உள்ளிட்ட நான்கு நிறுவனங்கள் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய வங்கி நிறுத்தி வைத்தது. கணக்குத் தொடங்குவோரின் அடையாளத்தைச் சரிவரப் பார்ப்பதில்லை என்பது புகார். ஜூன் மாதம் தடை நீங்கியது. விற்பனை, சேமிப்பு, கடன் மூன்றையும் ஒரே நிறுவனத்தில் வைத்திருக்கும் கடைக்காரருக்கு, அந்த நிறுவனத்துக்கு வரும் எந்தச் சிக்கலும் தன் கல்லாவுக்கு வந்த சிக்கல்தான்.

இதனால்தானோ என்னவோ, அங்குள்ள முகவர்கள் விவரமாக நடந்துகொண்டார்கள். ஒரே மேஜையில் இரண்டு, மூன்று நிறுவனங்களின் மெஷின்களை வரிசையாக வைத்துக்கொண்டார்கள். ஒன்று தகராறு செய்தால் அடுத்ததை எடுப்பார்கள். 2025 அக்டோபரில் மத்திய வங்கி இதற்கும் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு முகவர் ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்ய வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு 1 லட்சம் நைரா, முகவருக்கு மொத்தம் 12 லட்சம் நைரா என்று உச்சவரம்பு. ஒரே நிறுவனம் என்ற விதி நடைமுறைக்கு வரும் தேதியாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது. குடைக்கடியில் மூன்று மெஷின் வைத்திருந்தவர், எந்த இரண்டைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்ய அவருக்குக் கிடைத்த அவகாசம் ஆறு மாதத்துக்கும் குறைவு.