கோப்பில் விட்ட இடத்தைப் பிடிப்பது எப்படி?

தடித்த புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மா கடைக்குப் போய்வரச் சொல்கிறார். விட்ட இடத்தைப் பிறகு கண்டுபிடிக்க என்ன செய்வீர்கள்? பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். அல்லது ஒரு மயிலிறகை வைத்து மூடலாம்.

சி மொழியில் நிரல் எழுதுவோருக்கும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. முதல் வழி எண். இருமக் கோப்பில் எத்தனை பைட் தாண்டி நிற்கிறோம் என்பதை 'எஃப்டெல்' சொல்லும். அந்த எண்ணை 'எஃப்சீக்'கிடம் கொடுத்தால் அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

எளிய வழிதான். ஆனால் அந்த எண் 'லாங்' வகையைச் சேர்ந்தது. பல கணிப்பொறிகளில் அதற்கு 32 பிட் இடமே உண்டு. அதிலும் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடுகிறது. ஆகவே அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647.

ஒருவருக்கு 100 பைட் வீதம் 3 கோடிப் பேரின் விவரங்கள் ஒரே கோப்பில் இருப்பதாகக் கொள்வோம். சுமார் 2 கோடியே 15 லட்சமாவது பெயரைத் தாண்டியதும் 'எஃப்டெல்' இடத்தைச் சொல்ல முடியாமல் -1 என்று கைவிரிக்கும். அதைக் கவனிக்காமல் 'எஃப்சீக்'கிடம் கொடுத்தால், அது நகராமல் நின்றுவிடும். அடுத்து நீங்கள் எழுதும் விவரம் வேறொருவருடைய விவரத்தின் மேல் போய் விழலாம்! அழிந்தது அழிந்ததுதான்.

இந்தத் தொல்லை புதிதல்ல. பிடிபி-11 கணிப்பொறியில் ஓடிய பழைய யூனிக்ஸில் இடத்தைக் குறிக்க 16 பிட்டே இருந்தது. 65,535-க்கு அப்பால் செல்ல 512 பைட் கொண்ட கட்டங்களாகத் தாவ வேண்டும். 1979-இல் வந்த 7-ஆம் பதிப்பு 'எல்சீக்'கைத் தந்தது. முன்னால் நிற்கும் 'எல்', 'லாங்'கைக் குறிப்பது. அன்று அது கடல்போலத் தோன்றியிருக்கும்!

மயிலிறகு வழி, 1989-இல் அமெரிக்கத் தர நிர்ணயத்தில் இடம்பெற்றது. 'எஃப்கெட்பாஸ்' இடத்தை 'எஃப்பாஸ்_டி' என்ற பெட்டியில் வைக்கும். 'எஃப்செட்பாஸ்' அதைக் கொண்டு திரும்பிச் செல்லும். பெட்டிக்குள் இருப்பது என்ன என்று நாம் பார்க்க வேண்டியதில்லை. எனவே அமைப்பைச் செய்தவர்கள் அதை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். ஆனால் அதனுடன் 100-ஐக் கூட்டி அடுத்த பெயருக்குப் போக முடியாது. மயிலிறகில் பக்க எண் இராதல்லவா? கணக்கும் வேண்டுமென்றால், யூனிக்ஸ் வழி அமைப்புகளில் 'எஃப்டெல்ஓ', 'எஃப்சீக்ஓ' உள்ளன. இவற்றின் எண்ணை 64 பிட்டாக அமைத்துக்கொண்டால் 92 ஆயிரம் கோடி கோடி பைட் வரை கவலையில்லை.

உங்கள் கணிப்பொறியில் 'லாங்' எவ்வளவு பெரியது? 'சைஸ்ஆஃப்' கொண்டு அச்சிட்டுப் பாருங்கள். விண்டோஸில் 4 பைட் என்று வரும். 64 பிட் லினக்ஸில் 8 வரும்.