எழுத்துரு மாற்றத்தில் பின்னக் குறிகள்

பழங்கணக்குகளைப் பதிப்பிப்போர், முன்னர்க் கணிப்பொறியில் தட்டச்சிட்ட கோப்புகளை இன்று ஒருங்குறிக்கு மாற்றுகின்றனர். அங்ஙனம் மாற்றுங்கால் எழுத்துகள் பெரும்பாலும் செம்மையாக அமைய, குறியீடுகளே கெடுகின்றன. அதன் காரணம் ஈண்டு ஆராயப்படுகிறது.

பழைய எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே அமைக்கப்பட்டிருந்தன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் உள்ளது. எழுத்துருவின் பெயர் நீங்கின் பொருளும் நீங்கும்.

மாற்றுக் கருவி ஓர் எழுத்துருவின் அட்டவணை கொண்டே இயங்குவது. மா, காணி, முந்திரி முதலிய குறிகள் அதே வரியில் வேறோர் எழுத்துருவில் வந்திருப்பின், அவற்றையும் அது தமிழ் எழுத்தாகவே கொள்ளும். 1/20 என்னும் மா, பொருளற்ற எழுத்தாகத் திரியும். சொற்பிழையைப் படிப்போர் உய்த்துணர்ந்து திருத்தலாம். மறைந்த அளவை மீட்கும் சான்று பாடத்துள் இராது.

வரவு, பற்று, மேற்படி முதலிய குறிகள் 2003இல் ஒருங்குறி 4.0 பதிப்பிலும், பின்னக் குறிகள் 2019இல் 12.0 பதிப்பிலும் இடம்பெற்றன. ஆதலின், குறிகளை எழுத்துரு வாரியாகப் பிரித்து உரிய எண்களுக்கு மாற்றிய பின்னரே ஏனைய பாடத்தை மாற்றுதல் வேண்டும். மூலக்கோப்பைப் போற்றி, அச்சுப்படியோடு ஒவ்வொரு குறியையும் ஒப்புநோக்குதல் பதிப்பாசிரியர் கடனாம்.